சேத்தூரில் ஒரு சாய்வுதளம் கேட்டுப் பெறும் முறை

விருதுநகர் மாவட்டம் இராசபாளையம் வட்டத்திலுள்ள சேத்தூர் போன்ற பேரூராட்சிகளில், சக்கர நாற்காலியில் வருபவரைப் பொதுக் கட்டடத்தின் வாசலிலேயே நிறுத்திவிட இரண்டு மூன்று படிகள் போதும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் விதிகள் வெளியான ஐந்தாண்டுகளுக்குள் அனைவரும் அணுகத்தக்கவையாக மாற்றப் பணிக்கிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியானமையால் அக்கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. ஆகவே மனு எழுதுபவர் சலுகை கோருபவரல்லர். காலங்கடந்த கடமையை நினைவூட்டுபவர்.

முதல் வேலை அளத்தல். தரையிலிருந்து வாசல் மட்டம் வரையுள்ள உயரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் சாய்வுதளத்தின் குறைந்தபட்ச நீளம் கிடைக்கும். ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகளுக்கு, அதாவது 45 செ.மீ.க்கு, 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அகலம் 1.2 மீட்டருக்குக் குறையாதிருத்தல், இருபுறமும் கைப்பிடி, மேலும் கீழும் நாற்காலி திரும்புவதற்குரிய சமதளம் ஆகியவற்றையும் மனுவிலேயே குறிப்பிட வேண்டும். எண்கள் இல்லாத மனுவுக்கு என்ன கிடைக்கும் என்பதை ஊர்தோறும் காணலாம்: மோட்டார் சைக்கிள் ஏற்ற மட்டுமே உதவும் செங்குத்தான சிமென்ட் சரிவு, அறிக்கையில் சாய்வுதளம் என்று பதிவாகிவிடுகிறது. இடம் போதாதெனில் நடுவே சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாமே தவிர, சரிவைக் கூட்டுவதற்கு அது காரணமாகாது.

அடுத்து, அளவுகளும் புகைப்படமும் சட்டப்பிரிவும் அடங்கிய மனுவைப் பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் அளித்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற வேண்டும். நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அவ்வாறு நியமிக்கப்பட்டவரிடமும் ஒரு நகலைத் தந்தால், கோரிக்கை மன்றக் கூட்டத்தின் விவாதத்துக்கு வரக்கூடும்.

பதில் வராவிடில், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுவின் மீதான கோப்பு நகலைக் கேட்கலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். திங்கள்தோறும் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டமும் ஒரு வழியே. வாசற்படி ஏற முடியாதவரை மாவட்டத் தலைநகர் வரை வரச்சொல்லும் முரணைத் தவிர்க்க விரும்புவோர் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். இவற்றுக்கும் அசையாவிடில், சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு முழுக் கோப்பையும் அஞ்சலில் அனுப்பலாம். சாட்சிகளை அழைப்பிக்கவும் ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு.

பணி ஆணை வந்தபின், கான்கிரீட் போடுவதற்கு முன்பே மனுதாரர் நேரில் சென்று நீளத்தையும் உயரத்தையும் மீண்டும் அளந்து, வேறுபாடு இருப்பின் ஒப்பந்ததாரரின் பில் அனுமதிக்கப்படும் முன் செயல் அலுவலருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.