மணலை மறிக்கும் வறண்ட ஆறு

ஆறு என்றதும் நமக்கு மகாவலிதான் நினைவுக்கு வரும். நமீபியா நாட்டின் குய்செப் ஆற்றில் காலையில் நடந்து செல்பவர் பெரும்பாலான நாட்களில் ஒரு துளி நீரையும் காணமாட்டார். காலடியில் மணல்தான் இருக்கும். இத்தகைய ஆற்றை அரபு மொழியில் ‘வாதி’ என்பர்.

நமீப் பாலைவனத்தினுள், ஆற்றங்கரையிலுள்ள கோபபெப் ஆய்வு நிலையத்தில் ஆண்டு மழைவீழ்ச்சி சராசரியாக 30 மில்லிமீற்றருக்கும் குறைவு. கிழக்கே மேட்டுநிலத்தில் பெய்யும் மழையே வெள்ளமாகச் சில நாட்கள் இங்கு வருகிறது. அது கடலை அடைவது அரிது.

ஆனால் அந்தச் சில நாட்கள் செய்யும் வேலையைப் பாருங்கள். தென்கரையில் செந்நிற மணற்குன்றுகள் உயர்ந்து நிற்கின்றன; வடகரையிலோ கற்கள் பரவிய வெறும் சமவெளி. தெற்கிலிருந்து காற்று தள்ளிவரும் மணல் ஆற்றுப்படுக்கையில் விழ, வெள்ளம் அதை வாரிச் செல்கிறது. வேலியோ மதிலோ இல்லை!

வெள்ளநீரில் ஒரு பகுதி மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. அதை நம்பியே அனா மரங்கள் ஆழமாக வேரோடி நிழல் தருகின்றன. அவற்றின் காய்கள் காட்டு மான்களுக்கும், கரையில் வாழும் டொப்னார் மக்களின் ஆடுகளுக்கும் உணவு. (மூடுபனியில் தலைகீழாக நின்று, உடலில் வழியும் நீரைக் குடிக்கும் வண்டும் இப்பாலைவனத்தில் உண்டு. அதற்கு ஆறே தேவையில்லை.)

வால்விஸ் பே துறைமுக நகரும் இதே நிலத்தடி நீரைக் குழாய்க்கிணறுகளால் எடுக்கிறது. மேலே பண்ணை அணைகள் வெள்ளத்தை மறிக்கின்றன. நீர்மட்டம் தாழ்ந்தால் முதலில் வாடுவது மரங்களே. கடலோரத்தில், வெள்ளம் வலுவிழக்கும் இடத்தில், மணற்குன்றுகள் ஆற்றைத் தாண்டி வடக்கே பரந்து கிடக்கின்றன.