பழுதறியும் வரிசையே பாட வரிசை

திறந்த மூல மென்பொருள்களைக் கொண்டு கணினிகளையும் வலையமைப்பையும் நிர்வகிக்கக் கற்றுக்கொடுக்க நம் பள்ளிகளில் வாய்ப்பு இருக்கிறது. லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலையமைப்பு, களப்பெயர் முறைமை, திறந்த மூலக் கருத்துகள் ஆகியவை பாடங்களாகவே இடம்பெற்றுள்ளன. எதை முதலில், எதை அடுத்துக் கற்பிப்பது என்பதில்தான் தயக்கம்.

கட்டளைகளைப் பட்டியலிட்டு நடத்தினால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். "சார், நெட் வரலை" என்று ஒருவர் சொல்லும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாது. எனவே, பழுதை எந்த வரிசையில் தேடுவோமோ அந்த வரிசையிலேயே பாடங்களை அமைக்கிறேன். தன் கணினியில் தொடங்கி வெளியே செல்வதுதான் அந்த வரிசை.

30 பாடவேளைத் திட்டம்

கணினி மன்ற நேரத்தில், நிலைக்கு 6 பாடவேளைகளாக ஐந்து நிலைகள்:

1. ஒரு கணினி: விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் நிறுவுதல், கோப்புகள், அடிப்படைக் கட்டளைகள். பயிற்சி மெய்நிகர் கணினிக்குள் நடப்பதால் தவறு நேர்ந்தாலும் ஆய்வகக் கணினி பாதிக்கப்படாது.

2. பயனரும் அனுமதியும்: படிக்க 4, எழுத 2, இயக்க 1. மதிப்பெண் கோப்புக்கு 640 என்று கொடுத்தால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவினர் படிக்க மட்டும் முடியும். மற்றவர் திறக்கவே முடியாது. நிர்வாகி கடவுச்சொல் ஒரு பொறுப்பு, பிறர் கோப்பைப் பார்க்கும் உரிமை அன்று என்பதை இங்கேயே பேசிவிட வேண்டும்.

3. மென்பொருளும் சேவைகளும்: நிறுவுதல், நீக்குதல், ஒரு சேவையை நிறுத்தித் தொடங்குதல், பதிவுக் கோப்புகளைப் படித்தல்.

4. வலையமைப்பு: ஐபி முகவரி, சுவிட்ச், ரௌட்டர், களப்பெயர்.

5. சேவையகமும் காப்பு நகலும்: அப்பாச்சி கொண்டு ஆய்வகத்துக்குள் ஒரு தளம் அமைத்தல். பாடக் குறிப்புகளை அதில் வைத்தால் இணையம் இல்லாத நாளிலும் எல்லாக் கணினிகளிலும் படிக்கலாம். காப்பு நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுக் காட்ட வேண்டும்.

இடையில் ஒரு மாணவர் நின்றுவிட்டாலும், முடித்த நிலை வரை அவருக்குப் பயன்படும்.

நான்காம் நிலைக்கு ஒரு மாதிரி

பிங் கட்டளையை ஐந்து படிகளில் பயன்படுத்தச் சொல்கிறேன். முதலில் 127.0.0.1; அது தன் கணினியே. அடுத்துப் பக்கத்து மேசைக் கணினி. பிறகு ரௌட்டர். பிறகு வெளியிலுள்ள ஓர் ஐபி முகவரி. கடைசியாக ஓர் இணையதளத்தின் பெயர். பக்கத்துக் கணினியிலேயே பதில் நின்றால் கம்பி, சுவிட்ச், ஐபி அமைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நான்காம் படியில் பதில் வந்து ஐந்தாம் படியில் பெயரே கண்டறியப்படவில்லை என்றால், பழுது களப்பெயர் அமைப்பில் இருக்கலாம். சில கணினிகள் பிங்குக்குப் பதில் தராதவாறு அமைக்கப்பட்டிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வு வைப்பதில்லை. கம்பியைக் கழற்றுவது, ஐபி எண்ணை மாற்றுவது, சேவையை நிறுத்துவது என நானே ஒரு பழுதை உண்டாக்குவேன். இருவர் இருவராகத் தேடி, கண்டது, சோதித்தது, காரணம், செய்த தீர்வு என நான்கு தலைப்புகளில் பதிவேட்டில் எழுத வேண்டும். தீர்வு தவறினாலும் சோதித்த வரிசை சரியென்றால் மதிப்பெண் உண்டு.

ஒரு சிறு பழுதுக்காகத் தொழில்நுட்பப் பணியாளர் வரும்வரை ஆய்வகம் பூட்டிக் கிடந்தால், இழப்பு நம் பிள்ளைகளின் பாடவேளைகளுக்குத்தான். சாவியும் பொறுப்பும் ஆசிரியரிடமே இருக்கட்டும். பழுது எங்கே என்று சொல்லும் திறன் மாணவரிடம் வளரட்டும். உங்கள் பள்ளியில் ஐந்து கணினிகளே இருந்தாலும் முதல் நிலையை அடுத்த வாரமே தொடங்கலாம்.