தெரிந்தும் படிப்பினை பெறாதவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் இரவு பயானுக்காக அழைத்திருந்தார்கள். அந்தலுஸ் என்று நம் கிதாபுகள் கூறும் ஸ்பெயின் நாட்டில் முஸ்லிம்களின் ஆட்சி எழுந்த வரலாற்றையும் வீழ்ந்த வரலாற்றையும் ஒன்றரை மணி நேரம் பேசினேன். உடன்பிறந்தவர்களே ஒருவருக்கெதிராக ஒருவர் அந்நியப் படையைக் கூட்டி வந்ததைச் சொன்னபோது சபையில் பலர் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள். பயான் முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் என் கையைப் பற்றி, "ஹள்ரத், இன்று நீங்கள் சொன்னது என் தம்பி அவசியம் கேட்க வேண்டிய விஷயம்" என்றார். மறுநாள் சுபுஹுக்குப் பிறகு இன்னொருவர் வந்து, "நல்ல பயான் ஹள்ரத். எங்கள் காக்கா முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். இனியாவது அவருக்குப் புத்தி வருகிறதா, பார்ப்போம்" என்றார். வாப்பா விட்டுச் சென்ற ஒரு வீட்டுக்காக இவ்விருவரும் பதினோரு ஆண்டுகளாகக் கோர்ட்டில் நிற்கிறார்கள் என்பதை மோதினார் சொல்லித்தான் தெரிந்து கொண்டேன்.

முன் சென்றோரின் வரலாறு தெரியாத காரணத்தால்தான் சமுதாயங்கள் மீண்டும் மீண்டும் அதே குழியில் விழுகின்றன என்று அதுவரை நான் எண்ணியிருந்தேன். எடுத்துச் சொன்னால் போதும், திருந்தி விடுவார்கள் என்பது என் நம்பிக்கை. அந்த ஊர்ப் பயணம் அதை அசைத்து விட்டது.

படிப்பினை என்பதற்கு அரபியில் 'இப்ரத்' என்று சொல்கிறோம். இச்சொல்லின் மூலப் பொருள் கடத்தல், அதாவது ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போதல். ஆற்றைக் கடப்பதற்கும் இதே வேர்ச்சொல்தான். பிறருக்கு நேர்ந்ததிலிருந்து கடந்து தன்னிடம் வந்து சேர்வதே இப்ரத். பார்வையுடையோர் இப்ரத் பெறட்டும் என்று ஹஷ்ர் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகிறான். இதே வேரிலிருந்து 'அப்ரத்' என்றொரு சொல்லும் பிறந்திருக்கிறது. அதற்குப் பொருள் கண்ணீர். எழுத்தெல்லாம் ஒன்றுதான், முதல் எழுத்தின் மேல் ஜபர் வைத்தால் கண்ணீர், கீழே ஜேர் வைத்தால் படிப்பினை. அன்றைய சபை ஜபரோடு நின்று விட்டது. பேசிய நான் மட்டும் ஜேருக்குப் போய்ச் சேர்ந்தேனா என்று கேட்காதீர்கள்.

அந்தலுஸின் வரலாற்றையே இந்தக் கண்ணோடு மறுபடியும் பார்க்கலானேன். பார்க்கப் பார்க்க ஓர் உண்மை புலப்பட்டது. அங்கே யாரும் தெரியாமல் அழியவில்லை.

1031இல் குர்துபாவின் உமையாக்கள் கிலாஃபத் முடிவுக்கு வந்தது. நாடு இருபதுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளாகச் சிதறியது. 1064இல் வடக்கே பர்பஷ்த்தர் என்ற ஊரை அந்நியப் படைகள் முற்றுகையிட்டன. அவ்வூர் ஒரு சிற்றரசருக்குரியது. அடுத்த அரசான ஸரகுஸ்தாவை ஆண்டவர் அவருடைய உடன்பிறந்தவர்தான். ஆனால் இருவருக்கும் பகை. ஆகவே உதவி போகவில்லை. ஊர் வீழ்ந்தது, மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். அக்காலத்தில் வாழ்ந்த குர்துபாவின் வரலாற்றாசிரியர் இப்னு ஹய்யான் இக்கொடுமையை எழுதிவிட்டு, அதைக் கேள்விப்பட்ட பிறகும் தம் ஊரார் ஒன்றுமே நடவாதது போல் இருந்ததைக் கண்டு பொருமுகிறார். அமீர்களையும் மார்க்க அறிஞர்களையும் சேர்த்தே அவர் குற்றம் சாட்டுகிறார். அறிஞர்களில் சிலர் அமீர்களின் விருந்தில் உண்டு மௌனமானார்கள், சிலர் அச்சத்தால் மௌனமானார்கள் என்பது அவர் கூற்று. எங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவன் இதைப் படிக்கும்போது சற்றுத் தலை குனியத்தான் வேண்டியிருக்கிறது.

எல்லோரும் மௌனமாக இருந்துவிடவும் இல்லை. மாலிகி மத்ஹபின் பேரறிஞர், முவத்தாவுக்கு 'முன்தகா' என்ற விரிவுரை எழுதிய அபுல் வலீத் அல்பாஜீ (ரஹ்) அவர்கள் கிழக்கு நாடுகளில் பதின்மூன்று ஆண்டுகள் ஓதித் திரும்பியவர்கள். அவர்கள் ஒவ்வோர் அரசவையாகச் சென்று ஒன்றுபடும்படி மன்றாடினார்கள். அவர்களை எந்த அரசரும் விரட்டவில்லை. அனைவரும் எழுந்து வரவேற்றார்கள், கண்ணியப்படுத்தினார்கள், வழியனுப்பி வைத்தார்கள். உள்ளுக்குள் அவர்களுடைய வருகை பாரமாக இருந்ததாம். 1081இல் அவர்கள் வஃபாத்தானார்கள். அடுத்த நான்காம் ஆண்டு துலைத்துலா நகரம் கைவிட்டுப் போயிற்று.

இந்த இடத்தில் ஓர் அரசரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கர்நாத்தா (இன்றைய கிரனாடா) நகரை ஆண்ட அப்துல்லாஹ் இப்னு புலுக்கீன் என்பவர் அவர். 1073இல் பாட்டனாருக்குப் பின் இளம் வயதிலேயே பட்டத்துக்கு வந்தார். பதவி இழந்து சிறைப்பட்டிருந்த நாட்களில் தம் ஆட்சியின் கதையைத் தாமே எழுதி வைத்தார். 'திப்யான்' என்று அதற்குப் பெயர். அரசர்கள் தங்கள் வெற்றியை எழுதச் செய்வதுண்டு. தம் தோல்வியைத் தம் கையாலேயே எழுதியவர்கள் மிகக் குறைவு.

காஸ்டிலின் அரசன் ஆறாம் அல்ஃபோன்ஸோ சிற்றரசர்களிடம் ஆண்டுதோறும் கப்பம் வாங்கி வந்தான். கர்நாத்தாவிடமும் கேட்டான். அப்துல்லாஹ் முதலில் மறுத்து விட்டார். மறுத்ததன் விளைவு என்ன தெரியுமா? இஷ்பீலிய்யா (இன்றைய செவில்) அரசின் மந்திரி இப்னு அம்மார் உடனே அல்ஃபோன்ஸோவின் தூதரை அணுகி, கர்நாத்தாவைப் பிடிக்க உதவுங்கள், பணம் நாங்கள் தருகிறோம் என்று பேரம் பேசினார். கர்நாத்தாவைத் தொல்லைப்படுத்த எல்லையில் ஒரு கோட்டையும் எழும்பிற்று. நல்ல முடிவை எடுத்தவர் தனித்து நின்றார். தனித்து நின்றதால் நட்டப்பட்டார். கடைசியில் ஆண்டுக்கு 10,000 மிஸ்கால் தங்கம் தர ஒப்புக்கொண்டார்.

அந்தப் பேச்சுவார்த்தையின் போது அல்ஃபோன்ஸோவின் ஆலோசகர் ஸிஸ்னாந்தோ அவரிடம் ஒளிவுமறைவின்றிப் பேசினாராம். முன்பு இஷ்பீலிய்யா அரண்மனையிலேயே பணிபுரிந்து அரபியரின் நாடி பிடித்துப் பார்த்தவர் அந்த மனிதர். இந்நாடு ஒரு காலத்தில் எங்களுடையது, அதைத் திரும்பப் பெறவே விரும்புகிறோம், காலப்போக்கில் உங்களைப் பணத்தாலும் ஆட்களாலும் வற்றச் செய்துவிட்டால் பிறகு சிரமமின்றி எடுத்துக் கொள்ளலாம் என்ற கருத்தில் அவர் பேசியதை அப்துல்லாஹ்வே பதிவு செய்திருக்கிறார்.

சிந்தித்துப் பாருங்கள். எதிரியின் திட்டம் எதிரியின் வாயாலேயே சொல்லப்பட்டு விட்டது. கேட்டவர் அதை மறக்கவுமில்லை. ஆனாலும் பணத்தை எண்ணிக் கொடுத்தார். இந்த ஆண்டின் ஆபத்து கண் முன்னே நின்றது. இருபது ஆண்டுக்குப் பின் வரும் அழிவு தூரத்தில் இருந்தது. மேலும் அந்தத் தங்கம் அவர் சட்டைப்பையிலிருந்து போகவில்லை. ஷரீஅத் அனுமதிக்காத வரிகளாக அது மக்களின் தலையில் விழுந்தது. வலி ஓரிடத்தில், முடிவெடுக்கும் அதிகாரம் வேறோரிடத்தில் என்றிருக்கும்போது எந்தப் படிப்பினைதான் உறைக்கும்?

1085இல் துலைத்துலா வீழ்ந்த பிறகுதான் சிற்றரசர்கள் நடுங்கினார்கள். கடல் கடந்து யூஸுஃப் இப்னு தாஷுஃபீன் அவர்களை உதவிக்கு அழைத்தார்கள். 1086இல் (ஹிஜ்ரி 479) ஸல்லாக்கா போரில் அல்ஃபோன்ஸோ படுதோல்வி அடைந்தான். இனியாவது ஒன்றுபட்டார்களா? இரண்டே ஆண்டுகளில், ஒரு கோட்டையை முற்றுகையிட்டுக் கூடியிருந்த பாசறையிலேயே ஒருவர்மேல் ஒருவர் யூஸுஃபிடம் கோள் சொல்லத் தொடங்கி விட்டார்கள். அவர் ஊர் திரும்பியதும் அல்ஃபோன்ஸோவின் ஆள் மறுபடி வந்தான். அப்துல்லாஹ் மூன்றாண்டு பாக்கியாக 30,000 மிஸ்காலை எண்ணிக் கொடுத்தார். 1090இல் யூஸுஃப் மீண்டும் வந்தபோது அவர்களைக் காப்பாற்ற வரவில்லை, பதவி நீக்கவே வந்தார். மொராக்கோவின் அக்மாத்தில் சிறையிருந்துதான் அப்துல்லாஹ் தம் நூலை எழுதினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் கதை ஒன்றேதான். 1140களில் முராபித்துகளின் பிடி தளர்ந்ததும் மீண்டும் சிற்றரசுகள் முளைத்தன. 1147இல் லிஸ்பன் போயிற்று. முவஹ்ஹிதுகள் வந்து தாங்கிப் பிடித்தார்கள். 1212இல் இகாப் போரில் அவர்கள் தோற்ற பின் மூன்றாம் முறையும் அதே சிதறல். 1236இல் குர்துபா வீழ்ந்தது. 1248இல் இஷ்பீலிய்யா வீழ்ந்தபோது முற்றுகையிட்டவர்களின் பாசறையில் முஸ்லிம் குதிரை வீரர்களும் இருந்தார்கள். அவர்களை அனுப்பியவர் கர்நாத்தாவின் புதிய அரச வம்சத்தை நிறுவிய இப்னுல் அஹ்மர். தம் அரசைக் காப்பாற்றிக் கொள்ள அவர் செய்துகொண்ட உடன்படிக்கையின் விலை அது.

அந்த இஷ்பீலிய்யாவிலிருந்து வெளியேறி, பின்னர் துனிஸில் குடியேறிய குடும்பம் ஒன்றில் 1332இல் பிறந்தவர்தான் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள். 1364இல் கர்நாத்தா அரசரின் தூதராக அதே இஷ்பீலிய்யாவுக்குச் சென்றார்கள். முன்னோர் வாழ்ந்த சுவடுகளைக் கண்ணால் கண்டார்கள். என்னிடமே தங்கிவிடுங்கள், உங்கள் முன்னோரின் சொத்தைத் திருப்பித் தருகிறேன் என்றான் காஸ்டில் அரசன் பெத்ரோ. அவர்கள் மறுத்துத் திரும்பினார்கள். தம் பெரும் வரலாற்று நூலுக்கு அவர்கள் வைத்த பெயரில் முதல் சொல்லே 'இபர்'. இப்ரத் என்பதன் பன்மை.

அதன் முகவுரையில் ஒரு குடும்பத்தின் சிறப்பு நான்கு தலைமுறைக்குள் தேய்ந்து விடும் என்று விளக்குகிறார்கள். கட்டியவருக்கு அதன் விலை தெரியும். மகன் தந்தையிடம் கேட்டு அறிந்தவர். செய்து அறிந்தவருக்கும் கேட்டு அறிந்தவருக்கும் உள்ள தூரம் அவரிடம் உண்டு. மூன்றாமவர் வழக்கத்தைப் பின்பற்றுபவர் மட்டுமே. நான்காமவரோ இதெல்லாம் தம் பிறப்பால் வந்த உரிமை என்று எண்ணி, காத்து வந்த குணங்களையே இகழ்கிறார். நம் வீடுகளில் பாட்டனார் கட்டிய கடைகளின் கதையும் பல இடங்களில் இப்படித்தான் போகிறது.

கர்நாத்தாவின் கடைசி ஆண்டுகளைப் பாருங்கள். 1482இல் போர் மூண்ட அதே ஆண்டில் மகன் தந்தைக்கெதிராகக் கிளர்ந்தார். அந்த மகன் அபூ அப்தில்லாஹ் 1483இல் எதிரியிடம் சிறைப்பட்டு, அவர்களுக்கு அடங்கி நடக்க ஒப்புக்கொண்டு விடுதலையானார். 1487இல் அவருடைய சிறிய தந்தை, முற்றுகையிடப்பட்ட பல்லிஷ் நகரை மீட்கப் படையோடு புறப்பட்டார். அவர் வெளியே இருந்த நேரத்தில் தலைநகர் மருமகனின் கைக்கு மாறியது. ஆகஸ்டில் மாலகா வீழ்ந்தது; அதன் மக்கள் அடிமைகளாக்கப்பட்டனர். பஸ்தா 1489இல் போயிற்று. 1492 ஜனவரி 2இல் அபூ அப்தில்லாஹ் கர்நாத்தாவை ஒப்படைத்தார். நானூறு ஆண்டுகளுக்கு முன் அப்துல்லாஹ் தங்கம் எண்ணிக் கொடுத்த அதே நகரம்.

அநியாயம் செய்து அழிந்தோரின் வீடுகளிலேயே நீங்கள் குடியிருந்தீர்கள், அவர்களுக்கு நேர்ந்ததும் உங்களுக்குத் தெளிவாகியிருந்தது என்ற கருத்தில் மறுமையில் சிலரிடம் சொல்லப்படும் என இப்ராஹீம் அத்தியாயம் கூறுகிறது. அந்த வசனத்தை ஓதும்போதெல்லாம் எனக்குக் கர்நாத்தா நினைவுக்கு வந்து விடுகிறது.

சென்ற ஆண்டு அந்த ஊருக்கு மீண்டும் போகும் வாய்ப்புக் கிடைத்தது. இம்முறை அந்தலுஸைப் பற்றிப் பேசவில்லை. காக்காவையும் தம்பியையும் தனித்தனியே வீட்டில் சென்று கண்டேன். இருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "வழக்குத் தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் உங்கள் கையால் கொடுத்த பணம் எவ்வளவு? மற்றவர் கணக்கு வேண்டாம்." காக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேரனிடம் பழைய கணக்கு நோட்டை எடுத்து வரச் சொன்னார். தம்பி யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.