தட்டை மாற்று, மாத்திரையைத் தொடாதே

மயிலாப்பூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கே.கே. நகர் முனுசாமி சாலையில் மாடியில் அறை எடுத்து, ‘ஃபங்ஷனல் நியூட்ரிஷன்’ என்று பலகையும் மாட்டிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸையும் படித்தேன். ‘90 நாளில் மாத்திரையிலிருந்து விடுதலை’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த வரியை எடுத்துவிடு. சாப்பாட்டின் மேல் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி டயட்டீஷியனாகவே தலை நரைத்தவள் நான். உன்னைவிட அதிகமாக நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்.

நீ ஆன்லைன் கோர்ஸில் படித்ததில் பாதி, இந்த ஊரிலேயே எப்போதோ சோதித்துப் பார்த்த சங்கதி. டாக்டர் எம். விஸ்வநாதன் 1954-ல் ராயபுரத்தில் சர்க்கரை நோய்க்கென்றே ஆஸ்பத்திரி தொடங்கியவர். நார்ச்சத்து மிகுந்த நம்மூர்ச் சாப்பாட்டையே மருந்தின் கூடவே எழுதிக்கொடுத்தவர். பிறகு டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு, சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு 3 ஆண்டு கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான யோசனையோடு விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் சீர்செய்தவர்களில் 39 பேர். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 40 சொச்சம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் கூடுதல் லாபம் இல்லை.

சாப்பாடு மாத்திரைக்குச் சமமாக நின்றது என்று இதை நீ மேடையில் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்த 39 பேரையும் மறக்காதே. தட்டுக்கு வெளியே பரம்பரை இருக்கிறது, வயது இருக்கிறது, ராத்திரி ஷிப்ட் இருக்கிறது. அதனால்தான் தேதி போட்டு வாக்குக் கொடுக்காதே என்கிறேன்.

‘பிரிட்டனில் நோயே திரும்பிப் போயிருக்கிறதே’ என்று கேட்பாய். உண்மைதான். 2017-ல் வந்த ‘டைரக்ட்’ ஆய்வில், சாப்பாட்டால் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள், 46 சதவீதம் பேர், ஒரு வருஷத்தில் மாத்திரையில்லாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தார்கள். அவர்கள் யார் என்று பார். நோய் வந்து 6 வருஷத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், எடையை நன்றாகக் குறைத்தவர்கள். மாத்திரையை நிறுத்தியது டாக்டர்கள், கண்காணிப்போடு. இரண்டாம் வருஷம் அந்த 46, 36 ஆனது. உன்னிடம் 15 வருஷச் சர்க்கரையோடு வரும் மாம்பலத்துப் பாட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆபத்து எங்கே என்று சொல்கிறேன், இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் ஒருவரிடம் சோற்றைப் பாதியாக்கச் சொன்னால், மருந்தின் அளவு அப்படியே இருக்க, ராத்திரி சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயங்கிவிடுவார். சோற்றைக் குறைக்கச் சொல்வதற்கு முன் அவருடைய டாக்டருக்குப் போன் செய். இளநீர், கீரை ஜூஸ், புரோட்டீன் பவுடர் எதையும் கிரியாட்டினின் பார்க்காமல் எழுதாதே. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இளநீரின் பொட்டாசியமே இதயத்தைக் கெடுக்கும். பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிடும் சைவக்காரர் கால் மரத்துப்போகிறது என்றால் பி12 பார்க்கச் சொல். தைராய்டு மாத்திரையைப் போட்ட கையோடு ஃபில்டர் காபி குடிப்பவர்கள் நம் தெருவுக்குத் தெரு உண்டு. மாத்திரை வேலை செய்யாததற்கு அந்த டம்ளரே காரணமாக இருக்கலாம். வேரைத் தேடும் வைத்தியம் என்கிறாயே, வேர் பெரும்பாலும் இப்படிக் கண்ணெதிரே கிடக்கும். உணவு ஒவ்வாமை என்று ரத்தத்தில் ஐஜிஜி பார்த்து நீளப் பட்டியல் தரும் டெஸ்ட்டை ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களே ஏற்கவில்லை. கமிஷன் தருகிறோம் என்று லேப்காரர் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடு.

சிறுதானிய மோகத்திலும் நிதானம் வேண்டும். கேழ்வரகை நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை மளமளவென்று ஏறும். கருப்பட்டியும் சர்க்கரைதான். அரிசியைத் திட்டுவதைவிட எந்த அரிசி, எவ்வளவு, கூட என்ன என்று கேள். டாக்டர் வி. மோகனின் ஆய்வு அறக்கட்டளை எடை கூடியவர்களிடம் சோதித்தபோது, வெள்ளைச் சோற்றுக்குப் பதில் பட்டை தீட்டாத அரிசி கொடுத்ததில் நாள் முழுக்கச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்தது. எம்.ஜி.ஆர். நகர் மார்க்கெட்டில் கிடைக்கும் அவரையும் புடலையும் முருங்கைக்கீரையும் தட்டில் பாதி, பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ கால் பங்கு, மிச்சக் காலில் சோறு. முதலில் பொரியல், கடைசியில் சோறு. குயினோவா வாங்கச் சொல்லாதே. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு அப்படியே உன்னிடம் ஏறி வரும் ஃபாக்டரிக்காரருக்கு அது எட்டாது.

சித்த மருந்து சாப்பிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் முகம் சுளிக்காதே. சுளித்தால் அடுத்த முறை மறைப்பார். என்ன மருந்து, யார் கொடுத்தது என்று பைலில் எழுது. லேபிள் இல்லாத பொடி என்றால் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா ஆஸ்பத்திரிக்கோ தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த நிறுவனத்துக்கோ அனுப்பிவை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் இன்டக்ரேடிவ் என்று பெயர் வைத்துக்கொண்டால் இங்கிலீஷ் மருந்து, சித்த மருந்து, உன் சாப்பாடு மூன்றும் ஒரே பைலில் இருக்க வேண்டும், கொடுக்கும் மூவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி டெஸ்ட்டை மூன்று மாதம் ஆவதற்குள் மறுபடி எடுத்துப் பயனில்லை. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் காணாமல் போவார்கள். ராமச்சந்திரன் குழுவே பிறகு, நோயின் எல்லைக்கோட்டில் நின்ற, வேலைக்குப் போகும் 537 ஆண்களிடம் இன்னொன்று செய்து பார்த்தது. ஒரு பாதிக்குச் சாப்பாடு, நடை பற்றி செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. 2 வருஷத்தில் மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வர, இவர்களில் 18 சதவீதத்தோடு நின்றது. அதனால் உன் மேஜையில் டெஸ்ட் மெஷின் வாங்கி வைப்பதற்கு முன் ஒரு நோட்டு போடு. யார் வரவில்லை என்று வாரம் ஒரு முறை பார்த்து, நீயே போனில் கூப்பிட்டுப் பேசு.

உன் பெரியம்மா