பொலன்னறுவைக்கு எத்தனை நாள்?

கல்முனையிலிருந்து ஒலுவில் வழியாக அக்கரைப்பற்று வரை நீளும் கரையோர ஊர்களில், பாடசாலை விடுமுறையோ நோன்புப் பெருநாளை அடுத்த ஓய்வு நாள்களோ நெருங்கும்போது, எந்த ஊருக்குப் போவது என்பது விரைவில் முடிவாகிவிடுகிறது. அங்கே எத்தனை நாள் தங்குவது என்பதோ ஆராயப்படாமலே, வழிவழியாக வந்த சில நம்பிக்கைகளின்படி தீர்க்கப்படுகிறது. இலங்கையின் பழைய தலைநகரங்களுள் இக்கரையோரத்துக்கு அண்மையில் இருப்பது பொலன்னறுவை என்பதால், அந்நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்க அதுவே பொருத்தமான நகரம்.

சுபஹுத் தொழுகை முடிந்து வேனில் புறப்பட்டால் இஷாவுக்குப் பின் வீடு திரும்பிவிடலாம், ஆகவே பொலன்னறுவைக்கு ஒரு நாள் போதும் என்பது இவற்றுள் முதன்மையான நம்பிக்கை. தூரத்தை மட்டும் பார்த்தால் இது தவறன்று. மட்டக்களப்பு, ஓட்டமாவடி, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி வழியாகச் செல்லும் பாதை ஏறத்தாழ 150 கிலோமீற்றர்தான். ஆனால் சிறுவரும் முதியவரும் நிறைந்த வேன், காலைச் சாப்பாட்டுக்கும் ஓரிடத்தில் நின்று, நகரை அடையும்போது பத்து மணியை நெருங்கிவிடுகிறது. பொலன்னறுவை உலர்வலயத்தில், அதாவது வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே தன் மழையின் பெரும்பகுதியைப் பெறும் தாழ்நிலத்தில், கடலிலிருந்து வெகுதொலைவில் அமைந்திருப்பதால், மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அங்கே நடுப்பகல் வெயில், கடற்காற்றுக்குப் பழகிய உடலைச் சீக்கிரமே சோர்த்துவிடும். பௌத்தப் புனிதத் தலங்களில் காலணியைக் கழற்றிவிட்டே நடக்க வேண்டும் என்பதும் இத்துடன் சேர்கிறது. பதினொரு மணிக்குப் பின் அந்தக் கற்றளங்களில் வெறுங்காலுடன் நின்று சிற்பத்தைக் கவனிப்பவர் அரிது, நிழலைத் தேடி ஓடுபவரே அதிகம். பதினைந்து மணிநேரப் பயணத்தில் நகரைப் பார்ப்பதற்கென்று எஞ்சுவது மூன்று நான்கு மணிநேரம். அதுவும் நாளின் மிக மோசமான பகுதி.

எனவே தங்கும் காலத்தை நாள்களால் எண்ணுவதைவிட, காலைப்பொழுதுகளாலும் மாலைப்பொழுதுகளாலும் எண்ணுவதே சரியான அளவை. லுஹருக்குப் பின் ஊரிலிருந்து புறப்பட்டு, மாலையில் பொலன்னறுவையை அடைந்து, இரவு தங்கி, மறுநாள் வாயில் திறந்தவுடன் உள்ளே நுழைந்து, வெயில் ஏறுமுன் பார்த்து முடித்துத் திரும்பும் குடும்பம், நாள்காட்டியில் ஏறத்தாழ ஒரே நாளைத்தான் செலவிடுகிறது. ஆனால் ஒரு முழு மாலையும் ஒரு முழுக் காலையும் அதற்குக் கிடைக்கின்றன. தங்குமிடச் செலவு கூடும் என்பது உண்மைதான். மற்றபடி, நகரின் கிழக்கே, புகையிரத நிலையமும் கடைத்தெருவும் முஸ்லிம் குடியிருப்புகளும் உள்ள கதுருவெலையில் ஹலால் உணவுக்கோ தொழுகைக்கோ சிரமமில்லை.

அந்த மாலையை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வி, அடுத்த நம்பிக்கைக்கு இட்டுச் செல்கிறது. அங்கே உள்ளவை எல்லாம் விகாரைகளே, நமக்கு அவற்றில் என்ன இருக்கிறது, கல் விகாரையின் சிலைகளை ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று சொல்வோர் கரையோர ஊர்களில் பலர். ஆனால் பொலன்னறுவை தலைநகரானதே சோழராட்சியின்போதுதான். 1017இல் அரசன் ஐந்தாம் மகிந்தன் சோழரிடம் சிறைப்பட்ட பின், அவர்கள் இந்நகரை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டனர். 1070இல் முதலாம் விஜயபாகு அதை மீட்டான். இன்று இரண்டாம் சிவாலயம் என்று இலக்கமிடப்பட்டுள்ள வானவன்மாதேவி ஈச்சரம், இராஜேந்திர சோழனின் தாயின் பெயரைத் தாங்கி, முழுவதும் கல்லால் கட்டப்பட்டதால் விமானத்துடன் இன்னும் நிற்கிறது. தலதா மலுவ எனப்படும் மேட்டு முற்றத்தில், அட்டதாகே என்னும் பழைய தந்ததாதுக் கோயிலின் அருகே, வேளைக்காரர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. வேளைக்காரர் என்போர் தம் தலைவனுக்காக உயிர்கொடுப்பதாக உறுதிபூண்ட தென்னிந்தியப் படையினர். பௌத்தர்களின் மிகப் புனிதமான சின்னத்தைக் காக்கும் பொறுப்பை அப்படையினர் ஏற்றுக்கொண்டதை, விஜயபாகுவின் மறைவுக்குப் பின் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் எழுதிவைத்த கல் அது. சில அடி தூரத்திலேயே, அரசன் நிசங்கமல்லன் தன் புகழைத் தானே அளவின்றிப் பாடிக்கொண்ட, 8 மீற்றர் நீளமான கல்பொத்த என்னும் கற்புத்தகம் கிடக்கிறது. இந்த ஒரு முற்றத்துக்கே ஒன்றரை மணிநேரம் வேண்டும். வழக்கமான ஒருநாள் பயணத்தில் இதற்குக் கிடைப்பது, குடும்பப் படம் எடுக்கும் நேரம்.

மாலை, பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டுக்கு உரியது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, முன்பிருந்த குளங்களை விரிவாக்கி இணைத்து அமைத்த இந்நீர்த்தேக்கத்தின் அணை ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளமுடையது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் நீரைக் கொண்டு வேளாண்மை செய்யும் குடும்பத்தினருக்கு, மதகும் வான்கதவும் வாய்க்காலும் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. சிலைகளின் முன் அவசரப்படும் பெரியவர்கள் அணைக்கட்டில் நேரம்போவது தெரியாமல் நின்றுவிடுவர் என்று துணிந்து சொல்லலாம்.

நகரம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நாள் வேண்டும் என்பதும் முழு உண்மையன்று. அனுராதபுரத்தைப் பொறுத்தவரை இது சரி. தூபிகளும் மடாலயத் தொகுதிகளும் குளங்களும் பல கிலோமீற்றருக்குச் சிதறிக் கிடப்பதால், அதற்கு இரண்டு காலைகள் தேவை. ஆனி மாதப் பொசன் போயாவை ஒட்டி அங்கே தங்குமிடமே அரிதாகும். காலிக் கோட்டையோ ஒரு மணிநேரத்தில் மதிலைச் சுற்றிவரக்கூடிய சிற்றிடம். ஆயினும் அது பாழ்நகரமன்று, வீடுகளும் பள்ளிவாசலும் மதரசாவும் உள்ள வாழும் நகரம், ஆகவே கட்டடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அதற்கு நேரம் வகுக்க முடியாது.

மூன்று இரவில் நான்கு நகரங்கள் என்ற திட்டம் சிக்கனமானதாகத் தோன்றினாலும், இடம் மாறும் ஒவ்வொரு காலையும் பொதி கட்டுவதிலேயே போய்விடுகிறது; வெயில் ஏறுமுன் ஏறவேண்டிய சிகிரியாக் குன்றுக்குத் திட்டம் சொல்லும் நேரமோ பெரும்பாலும் நண்பகல். பொலன்னறுவையிலோ ஹபரணையிலோ ஓரிடத்தில் தங்கி, அங்கிருந்து சென்று திரும்புவதே மேல்.

அவ்வாறு ஒரே ஊரில் தங்குவோரிடையே, மூன்று நாளுக்குமேல் தங்கினால் கஸ்ர், அதாவது நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் பயணிக்கான சலுகை, போய்விடும் என்ற அச்சம் உண்டு. வந்த நாளையும் போகும் நாளையும் சேர்த்து எண்ணி, பயணத்தையே சுருக்கிக்கொள்வோரும் உளர். இலங்கை முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, அவ்விரு நாள்களும் கணக்கில் வாரா. ஓரிடத்தில் நான்கு முழு நாள்கள் தங்குவதென்ற நிய்யத்தே, அதாவது மனத்தீர்மானமே, ஒருவரைப் பயணி என்ற நிலையிலிருந்து நீக்குகிறது. சனிக்கிழமை பிற்பகல் சேர்ந்து புதன்கிழமை காலை புறப்படும் குடும்பத்துக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்றே முழு நாள்கள் என்பதால் சலுகை தொடர்கிறது. வியாழன் வரை தங்குவதென்று முன்பே தீர்மானித்து வந்த குடும்பமோ, நகரை அடைந்தபின் வரும் முதல் வக்திலிருந்தே முழுமையாகத் தொழ வேண்டும்.