மாணவியர் விளையாட்டு நிதியும் நமது கணக்குப் புத்தகமும்

கல்லூரி மாணவியர் தங்கள் விளையாட்டுக் குழுக்களுக்குப் பொருள் சேர்க்க உணவுச் சந்தை நடத்துவதும், கூப்பன் புத்தகத்துடன் சூலியா தெருவிலே நம் கடைப்படி ஏறுவதும் புதுமையல்ல. வாங்குகிறோம், பணமும் கொடுக்கிறோம். ஆனால் அப்பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில் நம்மில் பலருக்குச் சந்தேகம் இருக்கிறது. சிலர் ஜகாத்தில் கழித்து விடுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறோம். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

பெண்கள் ஓடுவது தகுமா என்று கேட்பவர்கள் அபூதாவூதில் வரும் ஹதீஸை நினைவுகூர வேண்டும். பிரயாணம் ஒன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பந்தயம் ஓடி முந்தினார்கள். பின்னொரு காலம் உடல் கனத்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் முந்தி, முன்னதற்கு இது ஈடு என்றார்கள். கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டே ஓடினார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. ஆகவே, மறைவான மைதானமும் தகுந்த உடையும் வேண்டுமென நன்கொடையாளர் கேட்பது நியாயமே.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்செல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தை 54.61 விநாடியில் ஓடித் தங்கம் வென்றவர் மொராக்கோவின் நவால் அல் முத்தவக்கில். முஸ்லிம் நாடு ஒன்றிலிருந்து ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் பெண் இவரே. (அவருடைய ஓட்ட உடையைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அது தனி விஷயம்.) இவரை அமெரிக்காவிலே ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம் விளையாட்டு உதவிச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்தது. அதே பந்தயத்தில் நூற்றில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்ட கேரளத்துப் பி.டி. உஷா, 1976இல் கேரள அரசு பெண்களுக்காகத் தொடங்கிய விளையாட்டுப் பள்ளியில் மாதம் 250 ரூபாய் உதவியில் வளர்ந்தவர். பிறர் கொடுத்த பணம் இருவர் காலிலும் ஓடியது.

இனி ஜகாத். தௌபா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறுவோரை எட்டு வகையாக வரையறுத்து விட்டது. அதில் விளையாட்டுக் குழு இல்லை. ஏழை மாணவி ஒருத்தி ஜகாத் பெறலாம். அது அவளுடைய வறுமைக்காக, ஓட்டத்துக்காக அல்ல. அதற்கும் மாநில ஜகாத் அலுவலகம் இருக்கிறது. குழுவின் காலணிக்கும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் நாம் கொடுப்பது ஸதகாவே. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வக்பை அனுபவிக்கும் நமக்கு ஜகாத் வேறு, வக்பு வேறு, ஸதகா வேறு என்பதை விளக்க வேண்டியதில்லை. இருந்தும் கணக்கு எழுதும்போது மறந்து விடுகிறோம்.

வருமான வரியிலும் இவை வெவ்வேறு. தனிநபர் 1,000 வெள்ளி ஜகாத் கட்டி ரசீது வைத்திருந்தால், கட்ட வேண்டிய வரியிலேயே 1,000 வெள்ளி குறையும். அங்கீகாரம் பெற்ற நிதிக்கு 1,000 வெள்ளி நன்கொடை தந்தாலோ, வரிக்குரிய வருமானந்தான் அத்தொகை குறையும். வரி நூற்றுக்கு 25 என்றால் மிச்சம் 250 வெள்ளியே. கம்பெனியாகப் பதிந்தவர்களுக்கு ஜகாத்தும் வருமானத்தில் நூற்றுக்கு இரண்டரை வரையே கழிவு. அங்கீகாரமில்லாத நிதிக்கு ஒன்றுமில்லை. ஆகையால் ரசீதை முதலில் பாருங்கள்.

பரிசுக் குலுக்கல் சீட்டு வந்தால் வாங்காதீர்கள். பணம் கட்டி அதிர்ஷ்டத்தை எதிர்பார்ப்பது, மாயிதா 90ஆம் வசனம் விலக்கிய சூதாட்டம். நிதி நல்லதென்பதால் அது ஹலாலாகி விடாது. மாணவிகளைக் கடிந்து பேச வேண்டாம்; சீட்டின் விலையை நன்கொடையாகக் கொடுத்து, சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

உணவுக் கூப்பன் வெறும் வியாபாரம். ஆறு வெள்ளி பெறும் பிரியாணிக்குப் பத்து வெள்ளிக் கூப்பன் என்றால், மேலதிகமான நாலு வெள்ளிதான் தர்மம். போக நேரமில்லையென்றால் கூப்பனைக் கல்லாவுக்குள் போட்டு வைக்காமல் கடைப் பையனிடம் கொடுத்தனுப்புங்கள்; அவன் சாப்பிட்டு வரட்டும்.