வார வேலையின் முறை

ஆரணி, பட்டு நெசவுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். அதனைச் சூழ்ந்த கிராமங்களில் நெல், மணிலாக்கொட்டை ஆகியவற்றுடன் மல்பெரி வைத்துப் பட்டுப்புழுவும் வளர்க்கும் குடியானவருக்கு வேலைகள் ஒருங்கே நெருக்குவது இயல்பே. பெரிய வேலையே முந்தியது எனக் கருதுதல் பிழை; தாமதித்தால் மீளாத நஷ்டம் எதனில் உண்டோ, அதுவே முதலாவது.

புழுக்கள் தம் ஆயுளில் உண்ணும் தழையில் 100க்கு 80 பங்குக்குமேல், கடைசிப் பருவத்தின் 7, 8 நாட்களிலேயே உண்கின்றன. அப்பொழுது தழை குறையின் கூடு இலேசாகும். மணிலாக்கொட்டைக்கு 40 முதல் 45 நாட்களுக்குள் மண் அணைத்தல் வேண்டும். பிந்தினால் மண்ணில் இறங்கிய விழுதுகள் சிதையும். வரப்புச் செதுக்குதலும் வேலி கட்டுதலுமோ ஒரு வாரம் பொறுக்கும்.

ஆகையால் வாரத்தொடக்கத்தில் வேலைகளை, நாள் தவறலாகாதவை, இரண்டொரு நாள் தாங்குபவை, தள்ளத்தக்கவை என மூவகையாக எழுதி, முதல்வகைக்கு ஆட்களை ஒதுக்கிய பின்னரே மற்றவற்றைத் தொடங்குக.

புழு பொரித்த ஏறக்குறைய 17, 18 நாட்களில் கடைசிப் பருவம் தொடங்கும். அது மண் அணைக்கும் வாரத்தோடு மோதாதவாறு, முட்டை வாங்கும் நாளை முன்னரே குறித்தல் விவேகம். விதைத்த பயிரை நிறுத்திவைக்க இயலாது. முட்டை வாங்கும் நாளோ குடியானவர் கையிலுள்ளது.